"அதான் காசு குடுத்துட்டாங்களேக்கா"

போன ஞாயித்துக்கிழமை எங்க ஓவியர் குரூப் சிங்கப்பூர் தேக்கா பக்கம் வரைஞ்சு முடிச்சுட்டு கோப்பிக்கடையில உக்காந்திருந்தோம். வழக்கம்போல ஸ்கெட்ச்புக்கெல்லாம் மேசையில சுத்திட்டு இருந்துச்சு, யாருக்கு எங்க வேலை வந்திருக்கு, யார் ஆள் தேடுறாங்கன்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. அப்ப ஒரு தங்கச்சி போனை நீட்டி "அக்கா இத பாருங்களேன்"னுச்சு. ஒரு முறுக்கு டின்னோட போட்டோ. டின் மேல ஒரு பாட்டி முறுக்கு சுத்துறாங்க, பக்கத்துல பேரன் கைய நீட்டிட்டு நிக்கிறான்.

அந்தப் படத்த இந்தப் பொண்ணு வரைஞ்சப்ப நான் பாத்திருக்கேன். பாட்டியோட சேலை மடிப்பு சரியா வரலன்னு ரெண்டு ராத்திரி தூங்காம திருப்பித் திருப்பி வரைஞ்ச பொண்ணு. ஆனா அது டின்னுக்கு வரைஞ்ச படம் இல்ல, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பலகாரக் கடையோட தீபாவளி அங்பாவ் கவருக்கு, அதான் அன்பளிப்புக் காசு வெச்சுக் குடுக்குற கவர், 220 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வரைஞ்சு குடுத்தது. இப்ப டின்ல இருக்கு, துணிப்பையில இருக்கு, கடை வாசல்ல ஆளுயர பேனர்ல இருக்கு. ஒரு எடத்துலயும் அந்தப் பொண்ணு பேர் இல்ல.

"நீ கேட்டியாம்மா?"ன்னேன். "என்னத்தக்கா கேக்குறது, அதான் காசு குடுத்துட்டாங்களே, அவங்க படம்தானே இனிமே"ன்னுச்சு. சந்தோஷமா வேற சொல்லுச்சு, எவ்ளோ எடத்துல வந்திருக்கு பாருங்கன்னு. எனக்கு டீ தொண்டையில எறங்கல.

இந்த வருஷம் மட்டும் இதே வசனத்த நான் நாலாவது தடவையா கேக்குறேன். நாலு பேருமே நல்லா வரையிறவங்க, ரெண்டு பேர் லசால் கலைக் கல்லூரியில படிச்சவங்க. பதினேழு வருஷமா பிள்ளைங்க புத்தகத்துக்கும் பாடநூலுக்கும் படம் போட்டு சாப்புடுறவ நான், வக்கீல் இல்ல, ஆனா இந்த ஒரு விஷயத்த ஒவ்வொரு மேசையிலயும் தனித்தனியா சொல்லி அலுத்துப் போச்சு, அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

காசு குடுத்தா படம் அவங்களுக்குச் சொந்தம் ஆயிடாது. திருப்பிச் சொல்றேன், ஆயிடாது. நீங்க ஃப்ரீலான்ஸா வரைஞ்சு குடுத்தா காப்பிரைட், அதாவது பதிப்புரிமை, உங்களோடதுதான், நீங்களா எழுத்துல கையெழுத்துப் போட்டு குடுத்தா ஒழிய. பேநவ்ல, அதான் போன் வழியா, காசு வந்துச்சுன்னா அது நீங்க செஞ்ச வேலைக்கும், பேசிக்கிட்ட பயன்பாட்டுக்கும் வந்த காசு, அவ்ளோதான்.

காசு குடுத்தா அவங்க படம்ங்கிற நெனப்பு எங்கேருந்து வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும், ஏன்னா என்னோட குருநாதரே இதத்தான் நம்பிட்டு இருந்தாரு. 1987ஆம் வருஷத்து பழைய சட்டத்துல ஒரு விதி இருந்துச்சு, போட்டோவோ, ஒருத்தரோட உருவப்படமோ, செதுக்கோவியமோ காசு குடுத்து செய்யச் சொன்னா, வேற மாதிரி பேசிக்கலன்னா, செய்யச் சொன்னவருக்குத்தான் காப்பிரைட். கல்யாண போட்டோ எடுக்குறவங்களும் போர்ட்ரெய்ட் வரையிறவங்களும் அந்தக் காலத்துல அப்படித்தான் பழகுனாங்க, அந்தப் பழக்கம் அப்படியே எல்லாப் படத்துக்கும்னு வாய்வழியா பரவிடுச்சு. கவனிங்க, அந்தப் பழைய சட்டத்துலகூட சாதாரண சித்திரத்துக்கு அந்த விதி கெடையாது, கதைப் புத்தகப் படமோ முறுக்குப் பாட்டியோ அப்பவும் வரைஞ்சவருக்குத்தான். இப்ப 2021 காப்பிரைட் சட்டம் வந்து, அந்த வருஷம் நவம்பர் 21ஆம் தேதியிலேருந்து அந்த விதியையும் எடுத்தாச்சு. அதுக்கப்பறம் வரைஞ்ச போர்ட்ரெய்ட்டும் வரைஞ்சவருக்கே. சட்டமே நம்ம பக்கம் திரும்பி இவ்ளோ வருஷம் ஆச்சு, நாம இன்னும் பழைய பாட்டையே பாடிட்டு இருக்கோம்.

புரியலன்னா இப்படி யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல லீஸ்னா என்னன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், நாம வாங்குற வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடே 99 வருஷ லீஸ்தான். அதுல ஒரு ரூமை வாடகைக்கு விடுறீங்க, வந்தவரு மாசாமாசம் காசு குடுக்குறாரு, அதுக்காக ஹாலையும் எடுத்துக்குவேன், என் மச்சானுக்கும் ரூமை விடுவேன், அடுத்த வருஷமும் அதே காசுல இருப்பேன்னா விடுவீங்களா? படத்துக்குக் குடுக்குற லைசன்ஸும், அதாவது பயன்படுத்திக்கிற அனுமதியும், அதேதான். எதுல வரும், எந்த ஊர்ல, எத்தன நாளைக்கு, எத்தன பிரதி. அங்பாவ் கவருக்குன்னு கேட்டு வாங்குனா அந்தக் கவருக்கு. டின்னுன்னா அது இன்னொரு ரூம், அதுக்கு இன்னொரு வாடகை. ஒரிஜினல் பெயிண்டிங்கையே விலைக்கு வித்தாலும் இதே கதைதான், அவங்க வீட்டுச் சுவத்துல மாட்டிக்கலாம், போஸ்டர் அடிச்சு விக்கிறதுக்கு உங்கள கேக்கணும்.

"நாங்க பேப்பர்ல ஒண்ணுமே எழுதலையேக்கா, எல்லாம் வாட்ஸ்அப்தான்." எழுதலன்னா உரிமை அவங்களுக்குப் போயிடும்னு நெனைக்கிறீங்க பாருங்க, அது அப்படியே தலைகீழ். காப்பிரைட்ட மாத்திக் குடுக்குறதுக்குத்தான் எழுத்தும் கையெழுத்தும் வேணும், எழுத்து இல்லன்னா அது உங்ககிட்டயேதான் நிக்குது. எதுக்காக வரையச் சொன்னாங்களோ அதுக்குப் பயன்படுத்திக்கிற அனுமதி அவங்களுக்கு இருக்குன்னு எடுத்துக்குவாங்க, அது நியாயம். அதுக்கு மேல இல்ல.

"ரெஜிஸ்டர் பண்ணலையே"ன்னு இன்னொரு கேள்வி. சிங்கப்பூர்ல காப்பிரைட்டுக்கு ரெஜிஸ்டர்னு ஒண்ணு கெடையவே கெடையாது, வரைஞ்ச நிமிஷத்துலேருந்து இருக்கு, உங்க ஆயுசு முழுக்கவும் அதுக்கப்பறம் 70 வருஷமும் இருக்கும். உங்க பேரப்புள்ளைங்க வரைக்கும் போற சொத்து அது, அத 220 வெள்ளிக்கு யாரும் கேக்காமலே தூக்கிக் குடுக்குறீங்களேப்பா.

ஒரே ஒரு எடத்துல மட்டும் கவனம். மாசச் சம்பளத்துக்கு ஒரு ஸ்டூடியோவுலயோ பதிப்பகத்துலயோ வேலை பாக்குறவங்க, வேலையோட பாகமா வரையிறது முதலாளிக்குத்தான் போகும், வேற மாதிரி எழுதிக்கலன்னா. ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு இது பொருந்தாது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

அப்பறம் பேர் விஷயம். புதுச் சட்டத்துல, படத்த பொதுவுல பயன்படுத்துறப்ப வரைஞ்சவரு பேர தெளிவா, கண்ணுல படுற மாதிரி போடணும்னு ஒரு உரிமை வந்திருக்கு. காப்பிரைட்டையே வித்துட்டாலும் இது தானா போயிடாது, வேணாம்னு நீங்களே எழுதிக் குடுத்தாத்தான் போகும். பேர் போடச் சொல்லிக் கேக்குறதுக்கு எதுக்கு இவ்ளோ கூச்சம்? சமையல்காரர் பேரு கல்யாண மண்டபத்துல நாலு பேர் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க, நம்ம பேரு நம்ம படத்துக்குக் கீழ இருந்தா என்ன தப்பு.

இப்ப நம்ம குரூப் விஷயத்துக்கு வரேன், இதுலதான் எனக்கு ஆத்தாமை. வாய்ப்புகள பகிர்ந்துக்கத்தான் குரூப்பே. ஆனா எது வந்தாலும் படிக்காம ஃபார்வர்ட் பண்ற பழக்கம் நம்மள்ல நெறைய பேருக்கு இருக்கு. போன மாசம் ஒரு சின்னம் வரையிற போட்டி வந்துச்சு, முதல் பரிசு 300 வெள்ளி வவுச்சர், பதினோரு பேர் தம்ஸ்அப் போட்டாங்க. நான் விதிமுறைய தொறந்து பாத்தேன், ஏழாவது வரியிலயே இருக்கு, வர்ற எல்லாப் படைப்பும் ஏற்பாட்டாளருக்கே சொந்தம்னு. ஜெயிச்சது மட்டும் இல்லங்க, எல்லாமே. தோத்தவங்க படமும் போச்சு. நாப்பது பேர் அனுப்புனா நாப்பது சின்னமும் ஒரு வவுச்சர் விலைக்கு அவங்களுக்கு. ஆன்லைன்ல அந்த 'சம்மதிக்கிறேன்' பெட்டியில டிக் போடுறதையே கையெழுத்துன்னு வாதாடலாம், அதனால போட்டிக்குப் போகக்கூடாதுன்னு சொல்லல, படிச்சுட்டுப் போங்க. ஜெயிச்ச படத்துக்கு மட்டும் உரிமை கேக்குறாங்களா, பரிசு அதுக்கு ஈடா இருக்கான்னு பாருங்க.

நல்ல வாய்ப்பும் இருக்கத்தான் செய்யுது, அத ஃபார்வர்ட் பண்ணுங்க, நூறு தடவ பண்ணுங்க. சிங்கப்பூர் புத்தக மன்றம் 2010லேருந்து நடத்துற ஆசிய சிறார் இலக்கிய விழாவுல பதிப்பாளர்கள நேர்ல பாக்கலாம், ஓவியர்களுக்குன்னே நிகழ்ச்சிகள் வெப்பாங்க, நம்ம பிள்ளைங்க எத்தன பேர் போயிருக்கீங்க? ஊரச் சுத்தி எடத்துல உக்காந்து வரையிற அர்பன் ஸ்கெச்சர்ஸ் குழு கூட போய் வரையிறதுக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க, அங்க கெடைக்கிற பழக்கத்துலேருந்து வந்த வேலையிலதான் நான் மொத ஐபேட் வாங்குனேன்.

இனிமே குரூப்ல ஒரு வேலைய போடுறவங்க நாலு விஷயம் சேத்துப் போடுங்க: யார் கேக்குறாங்க, எவ்ளோ காசு, படம் எதுல வரும், எத்தன நாள்ல காசு தருவாங்க. தெரியலன்னா 'கேட்டுச் சொல்றேன்'னு போடுங்க. "எக்ஸ்போஷர் கெடைக்கும்"னு மட்டும் இருந்தா போடவே வேணாம், அத வெச்சு எஸ்பி கரண்ட் பில் கட்ட முடியாது.

வேலை எடுக்குறவங்களுக்கு. ஒரு பக்க ஒப்பந்தம் போதும், மெயில்லயே எழுதுங்க, "நான் பேசுனத சரிபாத்துக்கோங்க"ன்னு நீங்களே அனுப்பி, சரின்னு பதில் வாங்குங்க. பாதி காசு முன்பணம், ரஃப் ஸ்கெட்ச்க்கு முன்னாடியே. ரெண்டு ரிவிஷன் (திருத்தம்), மூணாவதுலேருந்து தனிக் காசு. நடுவுல வேலைய நிறுத்துனா எவ்ளோன்னு எழுதுங்க. லேயர் ஃபைல், அதான் படத்தோட ஒவ்வொரு பாகமும் தனித்தனியா இருக்குற ஃபைல், கேட்டா யோசிக்காம தூக்கிக் குடுக்காதீங்க, பாட்டிய தனியா பேரன தனியா பிரிச்சு எடுத்து பத்துப் பொருள்ல ஒட்டுறதுக்கு அதுதான் வழி. 'ஃபுல் ரைட்ஸ்', 'பைஅவுட்'னு, அதாவது எல்லா உரிமையும் மொத்தமா வேணும்னு, வார்த்தை வந்தா நிறுத்தி, அதுக்கு வேற விலைன்னு சொல்லுங்க, அந்த வார்த்தைய அவங்களும் பாதி நேரம் அர்த்தம் தெரியாமத்தான் எழுதுறாங்க, 'எதுக்கெல்லாம் வேணும்?'னு ஒரு கேள்வி கேட்டா கவருக்கும் வெப்சைட்டுக்கும்தான்னு எறங்கி வந்துடுவாங்க. எனக்கே எத்தனையோ தடவ நடந்திருக்கு. ஃப்ரீலான்சர்கள எடுக்குற கம்பெனிங்க எழுத்துல ஒப்பந்தம் தரணும், காசு எப்பன்னு அதுல சொல்லணும்னு 2018லயே அரசாங்கம், முதலாளிங்க, தொழிற்சங்கம் மூணு தரப்பும் சேந்த முத்தரப்புத் தரநிலைன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க, அத ஏத்துக்கிட்ட கம்பெனியான்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

 

வெளிநாட்டுலேருந்து ஒருத்தர் பன்னெண்டு படம் வேணும்னு சொல்லி, காசக் கூடுதலா அனுப்பிட்டேன், மிச்சத்த இன்னொருத்தருக்கு மாத்தி விடுங்கன்னு கேட்டா அது மோசடி. மாத்தி விடாதீங்க. சந்தேகம்னா மோசடி உதவி எண் 1799க்கு அடிங்க.

காசு வரலன்னா அழுதுட்டு விட்டுடாதீங்க. சின்னத் தொகை வழக்குகள பாக்குற ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்ல 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும், வக்கீல் வெச்சுக்க முடியாது, அதனால எதிர்ப்பக்கமும் வக்கீலோட வந்து உங்கள மெரட்ட முடியாது. ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். நம்மாளுங்க மரியாதைக்காகக் காத்திருந்தே அந்த ரெண்டு வருஷத்த விட்டுடுறாங்க, கேட்டா "தெரிஞ்ச அங்கிள்க்கா, எப்படிக் கேக்குறது"ங்குறாங்க. தெரிஞ்ச அங்கிள்னா இன்னும் மரியாதையா மெயில் எழுதிக் கேளுங்க, கேக்குறது அவமரியாதை இல்ல.

அந்தத் தங்கச்சிக்கு அன்னிக்கு கோப்பிக்கடையிலேயே உக்காந்து மெயில் எழுதுனோம். திட்டி ஒரு வார்த்தை இல்ல. 'இந்தப் படம் இந்தத் தேதியில தீபாவளி கவருக்காக உங்களுக்குக் குடுத்தேன், இப்ப டின், துணிப்பை, பேனர் மூணுலயும் பாத்தேன், சந்தோஷம், இதுக்கான லைசன்ஸ் கட்டணம் இவ்ளோ, அடுத்து அச்சடிக்கிறதுலேருந்து என் பேரு இருக்கணும்'னு. பழைய வாட்ஸ்அப்ல 'கவர் டிசைனுக்கு மட்டும்தான்மா'ன்னு கடைக்காரரே எழுதுன வரி இருந்துச்சு, அதோட ஸ்க்ரீன்ஷாட்டையும் சேத்தோம். அனுப்புற பட்டனை அமுக்க அந்தப் பொண்ணுக்கு கை நடுங்குச்சு. செவ்வாய்க்கிழமை பதில் வந்துச்சு, தெரியாம பண்ணிட்டோம், பேசலாம் வாங்கன்னு. வர்ற வெள்ளிக்கிழமை போறோம், நானும் கூடப் போறேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றப்ப எல்லாரும் ஸ்கெட்ச்புக்கோட நீங்க முன்னாடி காசுக்கு வரைஞ்சு குடுத்த படங்களோட வாட்ஸ்அப், மெயில், இன்வாய்ஸ் எது இருக்கோ அதையும் கொண்டாங்க. தொலைச்சிருந்தா படம் எங்கெல்லாம் வந்துச்சுன்னு ஞாபகத்துல இருக்குறத எழுதிட்டு வாங்க. பத்து மணிக்கு, அதே மேசை.