மாயச் சதுரத்துக்குள் இரண்டு அடுக்கு

ஒவ்வொரு டிசம்பர் 22-ஆம் தேதியும் ராமானுஜன் பெயரில் ஒரு கட்டம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். மேல் நிரையில் அவர் பிறந்த தேதியான 22-12-1887 இருக்கும். நிரை, நிரல், மூலைவிட்டம் என எப்படிக் கூட்டினாலும் 139.

22  12  18  87
88  17   9  25
10  24  89  16
19  86  23  11

"என் பிறந்த தேதிக்கும் இப்படிப் போட முடியுமா? மற்ற அளவுகளில் மாயச் சதுரம் அமைப்பது எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாராளமாகப் போடலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ராமானுஜனின் இரண்டாம் நோட்டுப் புத்தகத்தில் முதல் அத்தியாயமே இப்படி எல்லாத் திசையிலும் ஒரே தொகை தரும் மாயச் சதுரங்களைப் பற்றியதுதான். ஆனாலும் அவருடைய கணிதத்துக்கு அடையாளமாக இந்தக் கட்டத்தை ஆண்டுதோறும் அனுப்பிக்கொண்டிருப்பது அவருக்குப் பெருமை சேர்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம், இதன் சூட்சுமம் அவ்வளவு எளிது.

மேல் நிரையில் உள்ள நான்கு எண்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இப்படி அடுக்குங்கள்:

அ  ஆ  இ  ஈ
ஈ  இ  ஆ  அ
ஆ  அ  ஈ  இ
இ  ஈ  அ  ஆ

எந்த நிரையை, நிரலை, மூலைவிட்டத்தை எடுத்தாலும் நான்கு எழுத்தும் ஒவ்வொரு தடவை வருகின்றன. ஆகவே எந்த எண்களைப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒரே குறை, ஒவ்வொரு எண்ணும் நான்கு முறை வருகிறது. அதை மறைக்கத்தான் இரண்டாவது அடுக்கு:

 0   0   0   0
+1  −1  −3  +3
−2  +2  +2  −2
+1  −1  +1  −1

இதில் எப்படிக் கூட்டினாலும் சுழிதான். முதல் அடுக்கின் மேல் இதைக் கூட்டினால் தொகை அசையாது, எண்கள் மட்டும் வேறுவேறாகிவிடும். 87 + 1 = 88, 18 − 1 = 17 என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தேதியையும் மேல் நிரையில் போட்டுப் பாருங்கள். பிறந்த மாதம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றால் ஒரு கட்டத்தில் சுழியோ மைனஸ் எண்ணோ வந்து நிற்கும்; தேதியில் ஒரே எண் இரண்டு முறை வந்தால் கட்டத்திலும் திரும்ப வரும். அதற்கு நான் பொறுப்பல்ல.

சரி, இப்போது முறையான மாயச் சதுரத்துக்கு வருவோம். இதில் 1, 2, 3 என்று தொடங்கி எந்த எண்ணையும் விடாமல் ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். மொத்தத்தை நிரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வேண்டிய தொகை கிடைக்கும்: மூன்றுக்கு 15, நான்குக்கு 34, ஐந்துக்கு 65, ஆறுக்கு 111.

மூன்றுக்கு மூன்றில் திருப்பிப் போட்டதையும் கண்ணாடிப் பிம்பத்தையும் கழித்துவிட்டால் இருப்பது ஒரே ஒரு சதுரம். 16-ஆம் நூற்றாண்டில் அக்ரிப்பா என்ற ஐரோப்பிய அறிஞர் மூன்று முதல் ஒன்பது வரையிலான சதுரங்களைக் கிரகங்களுக்குப் பங்கிட்டு, மூன்றைச் சனிக்குக் கொடுத்தார். இன்றும் இதைத் தகட்டில் பொறித்துக் காப்பு என்று விற்பவர்கள் உண்டு. சனி என்ன, எந்தக் கிரகம் கேட்டிருந்தாலும் அந்த அளவில் கொடுக்க வேறு சதுரமே கிடையாது.

ஒற்றைப்படை அளவுகளுக்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. சயாம் நாட்டுக்குப் (இன்றைய தாய்லாந்து) பிரெஞ்சுத் தூதராகப் போய்வந்த லா லூபேர் 1691-இல் வெளியிட்ட நூலின் வழியாக ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. 1-ஐ மேல் நிரையின் நடுக்கட்டத்தில் போடுங்கள். அடுத்தடுத்த எண்களை ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் வலப்பக்கம் என்று சாய்வாகப் போட்டுக்கொண்டே போங்கள். விளிம்பைத் தாண்டினால் எதிர்ப்பக்கமாக உள்ளே வாருங்கள். போக வேண்டிய கட்டத்தில் ஏற்கெனவே எண் இருந்தால், நிற்கும் இடத்துக்கு நேர் கீழே இறங்குங்கள்.

17  24   1   8  15
23   5   7  14  16
 4   6  13  20  22
10  12  19  21   3
11  18  25   2   9

பெரும்பாலான புத்தகங்கள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. ஏன் இது வேலை செய்கிறது என்பதில்தான் சுவையே இருக்கிறது. ஒவ்வொரு எண்ணிலும் 1-ஐக் கழித்து 5-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 17 என்றால் 16, ஈவு 3, மீதி 1, ஆக 31.

31  43  00  12  24
42  04  11  23  30
03  10  22  34  41
14  21  33  40  02
20  32  44  01  13

முதல் இலக்கங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் 0 முதல் 4 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை. இரண்டாம் இலக்கங்களும் அப்படியே. மறுபடியும் அதே இரண்டு அடுக்கு! சாய்வாக ஏறும்போது மீதி ஒவ்வொன்றாகக் கூடுகிறது. தடைபட்டுக் கீழே இறங்கும்போது ஈவு ஒன்று கூடுகிறது. ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் எல்லாக் குறிகளும் ஒருமுறை மட்டும் வரும் இப்படிப்பட்ட அடுக்குக்கு லத்தீன் சதுரம் என்று பெயர். அந்த விதி இரண்டு லத்தீன் சதுரங்களை நமக்குத் தெரியாமலேயே ஒரே நேரத்தில் நிரப்பிவிடுகிறது.

இன்னும் ஒன்று. இடக்கீழ் மூலையிலிருந்து வலமேல் மூலைக்குப் போகும் மூலைவிட்டத்தில் ஈவு எல்லாமே 2. நாம் ஏறும் திசையும் அதுதான் என்பதால் ஈவு அங்கே மாற வழியில்லை. நடு மதிப்பான 2 ஐந்து முறை வந்தால் 10. 0 முதல் 4 வரை கூட்டினாலும் 10. அதனால் தப்பித்தோம். 1-ஐ நடுவில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இடமேல் மூலையில் தொடங்கிப் பாருங்கள்: நிரையும் நிரலும் 65 தரும், ஆனால் இந்த மூலைவிட்டத்தில் 21 முதல் 25 வரையிலான எண்கள் வந்து உட்கார்ந்து 115 காட்டும்.

நான்கின் மடங்குகள் சுலபம். நான்குக்கு நான்கில் 1 முதல் 16 வரை வரிசையாக எழுதி, இரண்டு மூலைவிட்டங்களிலும் உள்ள எண்களை மட்டும் 17-இலிருந்து கழித்து எழுதினால் வேலை முடிந்தது. அதில் நடு நிரல்கள் இரண்டையும் இடம் மாற்றினால் ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் 'மெலன்கோலியா' செதுக்கோவியத்தில் இருக்கும் சதுரம் வரும். அந்த ஓவியத்தின் ஆண்டான 1514-ம் கீழ் நிரையின் நடுவில் அமைந்துவிடும். எட்டுக்கு எட்டு என்றால் 1 முதல் 64 வரை வரிசையாக எழுதி, நான்குக்கு நான்காக நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் மூலைவிட்டங்களிலும் 65-இலிருந்து கழியுங்கள்.

ஆறில்தான் சிக்கல். ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கினால் எந்த ஜோடியும் திரும்ப வராத இரண்டு லத்தீன் சதுரங்களை ஆறுக்கு ஆறில் அமைக்க முடியாது என்று 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் கருதினார். பத்து, பதினான்கு போன்றவற்றிலும் முடியாது என்பது அவர் ஊகம். ஆறைப் பற்றி அவர் சொன்னது சரி என்று டாரி என்ற பிரெஞ்சுக் கணித ஆர்வலர் 1900-ஐ ஒட்டி ஒவ்வொரு வாய்ப்பாகச் சரிபார்த்து நிறுவினார். மற்றது தவறு. 1959-இல் இந்தியக் கணிதவியலாளர்களான போஸும் ஸ்ரீகண்டேயும், பார்க்கரும் சேர்ந்து ஆய்லரின் ஊகத்தைச் சாய்த்தார்கள்; இரண்டையும் ஆறையும் தவிர எல்லா அளவிலும் முடியும். இதே லத்தீன் சதுரங்களைத்தான் வயல்வெளிச் சோதனைகளைத் திட்டமிடப் புள்ளியியலாளர் ஃபிஷர் பயன்படுத்தினார். ஆய்வுக்கு நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று முதல் கேள்வியாகக் கேட்பவர்கள், எந்தப் பயனையும் எதிர்பார்க்காமல் ஆய்லர் அடுக்கிப் பார்த்த கட்டங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

லத்தீன் அடுக்குகள் இல்லாவிட்டாலும் ஆறுக்கு ஆறு மாயச் சதுரம் உண்டு. கொஞ்சம் ஒட்டுப்போட வேண்டும், அவ்வளவுதான். கட்டத்தை நான்கு கால் பங்காகப் பிரித்து, 8 1 6 / 3 5 7 / 4 9 2 என்ற மூன்றுக்கு மூன்றை இடமேல் காலில் வையுங்கள். வலக்கீழ்க் காலில் அதையே 9 கூட்டி, வலமேலில் 18 கூட்டி, இடக்கீழில் 27 கூட்டி எழுதுங்கள். நிரல்கள் 111 தரும். நிரைகள் மட்டும் மேலே 27 குறையும், கீழே 27 கூடும். மேலேயும் கீழேயும் ஒரே இடத்தில் இருக்கும் எண்களுக்கு உள்ள வித்தியாசமும் இடப்பக்கத்தில் அதே 27. எனவே 8-ஐயும் 35-ஐயும், 5-ஐயும் 32-ஐயும், 4-ஐயும் 31-ஐயும் இடம் மாற்றுங்கள்:

35   1   6  26  19  24
 3  32   7  21  23  25
31   9   2  22  27  20
 8  28  33  17  10  15
30   5  34  12  14  16
 4  36  29  13  18  11

ஒவ்வொரு பாதியின் நடு நிரையில் மட்டும் முதல் கட்டத்தை விட்டு ஒரு கட்டம் தள்ளி மாற்றியிருப்பது மூலைவிட்டங்களுக்காக. பத்துக்கு இதே போல ஐந்துக்கு ஐந்தில் தொடங்கி, அதே இடங்களில் 25, 50, 75 கூட்டுங்கள். அப்புறம் இடக்கோடியில் நிரைக்கு இரண்டு கட்டங்களையும் வலக்கோடி நிரலையும் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் இடையே இடம் மாற்றுங்கள். நடு நிரையில் இடப்பக்க மாற்றத்தை ஒரு கட்டம் உள்ளே தள்ள மறந்துவிடாதீர்கள். தொகை 505 வர வேண்டும்.