வீட்டின் அலங்கோலமும் வெளியே தேடிய உறவும்

திருமணத்தை மீறிய உறவு தெரியவந்த பிறகு ஆலோசனைக்கு வரும் தம்பதியரில் சிலர், அந்த உறவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே வீடு கிடக்கும் கோலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கணவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) முதல் அமர்விலேயே தம் கைபேசியை என்னிடம் நீட்டினார். சோபாவில் மடிக்காமல் குவிந்த துணிகள், பிரிக்காத கட்டண ரசீதுகள், கழுவாத பாத்திரங்கள் என்று மாதக்கணக்கில் எடுத்துச் சேர்த்த படங்கள் அதில் இருந்தன. "இந்த வீட்டில் ஒரு மனிதன் எப்படி மேடம் நிம்மதியாக இருப்பான்?" என்றார். படமெடுத்த நேரத்தில் அந்தத் துணிகளை மடித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர் மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை.

அலங்கோலத்தைச் சோம்பல் என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால் மனச்சோர்வு நோய் உள்ளவருக்கு ஒரு டம்ளரைக் கழுவி வைப்பதுகூட மலையாகத் தெரியும். ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு உள்ள பெரியவர்கள் பலர் ஒரு வேலையைத் தொடங்கிப் பாதியில் வேறொன்றுக்குத் தாவி, இரண்டையும் முடிக்காமல் விடுவார்கள். எதையும் தூக்கியெறிய முடியாமல் குவித்துவைப்பது, மனநலக் கோளாறுகளைப் பட்டியலிடும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 வகைப்பாட்டில் (2013) தனிக் கோளாறாகவே இடம்பெற்றது. அந்த மனைவிக்கும் பிரசவத்தை ஒட்டித் தொடங்கிய மனச்சோர்வு, சிகிச்சையின்றியே நீடித்து வந்திருந்தது.

ஒழுங்கற்ற வீடு மனத்தை அரிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. உளவியல் ஆய்வாளர்கள் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தம் வீடு அலங்கோலமாக இருப்பதாக விவரித்த மனைவியரிடம், காலையில் உயர்ந்து மாலைக்குள் இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் போதிய அளவு இறங்கவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. பழி சுமத்தப்படுபவரே அதிகம் வதைபடுபவராகவும் இருக்கலாம்.

வெளி உறவு பல நேரங்களில் வீட்டைப் பற்றிய புலம்பலில்தான் தொடங்குகிறது. துணையிடம் சொல்ல வேண்டியதை வேறொருவரிடம் சொல்லி, அவர் காட்டும் பரிவில் இளைப்பாறி, பிறகு அந்த உரையாடலை மறைக்கத் தொடங்கும்போதே எல்லை கடந்தாகிவிட்டது. வீட்டின் நிலை உளைச்சலைத் தரும். மறைப்பது ஒருவர் தெரிந்தே எடுக்கும் முடிவு. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதி நேர்செய்ய நான் இடம் கொடுப்பதில்லை.

ஆகவே, வெளித்தொடர்பு நின்றிருக்கிறதா, வீட்டில் அடி, மிரட்டல் உண்டா என்பதைத் தனித்தனியாகக் கேட்டறிந்த பிறகே இணைந்த அமர்வைத் தொடங்குகிறேன். வன்முறை இருந்தால் பாதுகாப்புதான் முதல் வேலை. மனச்சோர்வின் அறிகுறி இருப்பவரை மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் உடனே நடக்க வேண்டும். காயப்பட்டவரின் கோபத்திற்கும் கேள்விகளுக்கும் பதில் கிடைத்து, வெளி உறவு ஏன் நிகழ்ந்தது என்பது இருவருக்கும் ஓரளவு விளங்கியபின்புதான் வீட்டு வேலைப் பங்கீட்டுக்கு வருவோம். அதிலும், ஒரு வேலையை யார் செய்வது என்பதோடு, அதை யார் நினைவில் வைத்திருப்பது என்பதையும் எழுதச் சொல்வேன். அந்த இரண்டாவது பட்டியலில் பெரும்பாலும் ஒருவர் பெயரே வரிசையாக வந்திருக்கும்.