சூரைச்செடியின் கீழே ஒரு ஜெபம்

மனநல ஆலோசகரான என்னிடம் வரும் கிறிஸ்தவர்களில் பலர், பதற்றத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் முன்பே குற்றவாளியைப் போலத் தலைகுனிகிறார்கள். "ஜெபிக்கிறேன், ஆனாலும் பயம் போகவில்லை. எனக்கு விசுவாசம் குறைவோ?" இதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் வலிக்கிறது.

அப்படி வந்த ஒரு பெண் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இரவுப் பணி, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். அவருடைய ஜெபக்குறிப்பு நோட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சி, கண் சொருகும் நேரத்திலும் முதல் பெயரிலிருந்து மறுபடி தொடங்குவார். கடனைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. "அதையெல்லாம் போய் ஆண்டவரிடம் சொல்வதா?" என்றார்.

எலியாவின் கதை அவருக்குத் தெரியும். ஆனாலும் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை இருவரும் மெதுவாக வாசித்தோம். அரசி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அதுவும் ஜெபம்தான். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், தூங்கினார், தூதன் மறுபடி தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியதும் அதற்குப் பிறகுதான்.

கவலை மனதுக்குள்ளேயே கிடந்தால் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டேயிருக்கும். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பி, வாய்விட்டுச் சொன்னால்தான் அது ஒரு வாக்கியமாகி எங்காவது முடிகிறது. உடலும் இதற்கு ஒத்துழைக்கிறது. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்துப் பார்த்தபோது, மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு நிதானப்பட்டது. ஜெபத்தின் மதிப்பு மூச்சோடு முடிந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த மூச்சைத் தந்தவரும் ஆண்டவர்தானே.

நேரமில்லை என்பவர்களிடம் நான் கேட்பது மூன்று நிமிடம்தான். கைபேசியைத் தொடும் முன், ஒரே ஒரு பயத்தை அதன் பெயரைச் சொல்லியே ஆண்டவரிடம் சொல்லுங்கள்; பிறகு பேசாமல் இருங்கள். அந்தப் பெண், பணிக்குள் நுழையும் முன் வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இதைச் செய்தார்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. அழைக்கக் கட்டணம் இல்லை. எலியாவுக்கு அடை வந்தது. சிலருக்கு மாத்திரை வருகிறது. அதை வாங்கிக்கொள்வது அவிசுவாசம் ஆகாது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் தன் ஜெபக்குறிப்பு நோட்டைக் காட்டினார். பெயர்களுக்கெல்லாம் மேலே புதிதாக ஒரு வரி: "5ஆம் தேதி தவணை. பயமாக இருக்கிறது, ஆண்டவரே."