கணினிப் பயிற்றுநராக விரும்புவோர் கட்டணம் கட்டுவதற்கு முன்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுத்த தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் பிளாஸ்டிக் உறையிலிட்ட சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பொன்னிற முத்திரையும், அரசுச் சின்னத்தைத் தொலைவிலிருந்து நினைவுபடுத்தும் வட்டமும், வலப்பக்க மூலையில் ஒரு க்யூஆர் குறியும் அதில் இருந்தன. நடுவில் 'மாஸ்டர் டிரெய்னர், இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வகுப்பு மூன்றே நாள். கட்டிய பணமோ அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம். "அண்ணா, இத வச்சு எந்தக் கம்பெனியில டிரெய்னரா சேரலாம்?" என்று கேட்டார். நான் க்யூஆர் குறியைக் கைப்பேசியில் படித்துப் பார்த்தேன். அது அச்சடித்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய், கையில் இருந்த அதே சான்றிதழைத் திரையிலும் காட்டியது. தனக்குத் தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கொள்வது போன்ற வேலை அது.

பெங்களூரில் 16 ஆண்டுகளாகக் கணினிப் பயிற்சி அளித்துவருகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்ஃபீல்டிலும் உள்ள அலுவலகங்களில் பெரும்பாலான நாட்களும், ஐடிஐ மாணவர்களுக்கும் தையல் தொழிற்சாலைப் பெண்களுக்கும் மீதி நாட்களும் என்று என் காலம் போகிறது. கிருஷ்ணகிரி, ஆம்பூர், கோலார் தங்கவயல் பக்கத்திலிருந்து வந்து, சப்போர்ட் வேலையில் நாலைந்து வருடம் இருந்துவிட்டு, "டிரெய்னர் ஆகலாமா?" என்று கேட்கும் நம்மவர்கள் ஏராளம். ஆகலாம் என்பதே என் பதில். ஆனால் தகுதி எது, தகுதி போலத் தோற்றமளிப்பது எது என்ற வேறுபாடு தெரியாமல் பணத்தைக் கட்டக்கூடாது.

அந்தச் சான்றிதழின் அடிப்பகுதியில் இருந்த சின்னங்களையே எடுத்துக்கொள்வோம். முதலாவது ஐஎஸ்ஓ 9001. ஒரு நிறுவனம் தன் பணிகளை வகுத்துக்கொண்ட நடைமுறையின்படி நடத்துகிறதா என்பதைப் பார்க்கும் தர மேலாண்மைத் தரநிலை அது. அந்த நிறுவனம் அளிக்கும் பட்டத்துக்கு அது அங்கீகாரம் ஆகாது. இரண்டாவது உத்யம் பதிவு. அது சிறுதொழில் என்ற முறையில் தொழிலைப் பதிந்துகொண்டதற்கான சான்று. மாவு மில்லுக்கும் அதே பதிவுதான். மூன்றாவதாக, தொண்டு நிறுவனங்கள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக் தர்ப்பண் எண். இந்த மூன்றும் பொய்யல்ல என்பதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். மூன்றும் உண்மையானவை, மூன்றுக்கும் பயிற்றுநர் தகுதிக்கும் தொடர்பில்லை, மூன்றையும் சேர்த்து 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று விளம்பரத்தில் எழுதிவிடுகிறார்கள்.

மெய்யான அங்கீகாரத்தைத் தேட வேண்டிய இடம் வேறு. நாட்டின் தொழில்திறன் தகுதிகளைப் படிநிலைகளாக அடுக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013இல் வந்தது. அந்தத் தகுதிகளை வழங்கும் அமைப்புகளையும், தேர்வு நடத்தும் அமைப்புகளையும் அங்கீகரித்துக் கண்காணிப்பதற்காக என்சிவிஇடி எனப்படும் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமம் 2018இல் அறிவிக்கப்பட்டது. ஏற்கப்பட்ட தகுதிகள் அனைத்தும் தேசியத் தகுதிப் பதிவேட்டில் குறியீட்டு எண்ணோடும் படிநிலையோடும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆகவே, சேர்வதற்கு முன் நிறுவனத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: இந்தப் படிப்பின் தகுதிக் குறியீடு என்ன, தேர்வை நடத்தப்போவது யார்? குறியீட்டைச் சொன்னால் பதிவேட்டில் நாமே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் கேள்விக்கு "நாங்களேதான்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் சிசிசி என்ற அடிப்படைக் கணினிப் பாடத்துக்கே 80 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கற்பவருக்கே 80 மணி நேரம் வேண்டியிருக்கும்போது, கற்பிப்பவரை இருபது சொச்சம் மணி நேரத்தில் உருவாக்கிவிடுவதாக ஒருவர் சொன்னால் அதை எப்படி நம்புவது?

சரியான வழிகள் எவை என்றால், நீங்கள் யாருக்குக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஐடிஐயில் 'கோபா' என்று அழைக்கப்படும் கணினி இயக்குநர், நிரலாக்க உதவியாளர் பிரிவு பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு. அங்கே ஆசிரியராக வேண்டுமானால், கணினிப் பட்டம் அல்லது பட்டயத்தோடு சிஐடிஎஸ் எனப்படும் ஓராண்டு ஆசிரியப் பயிற்சியையும் முடிப்பது முறையான வழி. தொழில்நுட்பப் பாடத்தோடு, கற்பிக்கும் முறையும் அதில் தனிப் பாடமாக உண்டு. இந்தப் பயிற்சியைத் தரும் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் பெங்களூரில் தும்கூர் சாலையில் ஒன்றும், ஓசூர் சாலையில் பெண்களுக்கென்று தனியாக ஒன்றும் இருக்கின்றன; எந்த ஆண்டில் எந்தப் பிரிவுக்குச் சேர்க்கை நடக்கிறது என்பதை நேரில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். குறுகிய காலத் திறன் திட்டங்களில் பணிபுரிய விரும்புவோருக்கு டிஓடி என்ற பயிற்றுநர் பயிற்சி இருக்கிறது. பாட அறிவைத் தனியாகவும், வகுப்பு நடத்தும் திறனைத் தனியாகவும் சோதிப்பார்கள் என்பதே அதில் எனக்குப் பிடித்தது. ஒன்றில் எடுத்த மதிப்பெண் மற்றொன்றின் குறையை மறைக்காது.

பெரிய நிறுவனங்களின் அலுவலகப் பயிற்சிக்கு மேற்சொன்ன இரண்டையும்விட மென்பொருள் நிறுவனங்களின் சொந்தச் சான்றிதழ்களே கேட்கப்படுகின்றன. மைக்ரோசாஃப்டின் எம்சிடி என்ற பயிற்றுநர் பட்டத்துக்கு, அதன் தொழில்நுட்பச் சான்றிதழ் ஒன்று நடப்பில் இருப்பதோடு, கற்பித்தல் திறனுக்கான சான்றையும் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பணிநிலை சார்ந்த மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களுக்கு ஓராண்டும், கணினி வலையமைப்புக்கான சிஸ்கோவின் சிசிஎன்ஏ, மேகக் கணிமைக்கான அமேசானின் ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்களுக்கு மூன்றாண்டும்தான் ஆயுள். இந்தத் தொழிலில் தகுதி என்பது பால் பாக்கெட் போல, தேதி பார்த்து வாங்க வேண்டிய பொருள். 'வாழ்நாள் செல்லுபடி' என்று அந்த மூன்று நாள் சான்றிதழில் அச்சிட்டிருந்ததே என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

இவ்வளவும் காகிதத்தைப் பற்றியது. சரியான காகிதம் கையில் இருந்தும் வகுப்பில் திணறியவன் நான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொடக்க காலத்தில், பொம்மனஹள்ளியில் ஒரு சமுதாயக் கூடத்தில், தையல் தொழிற்சாலைப் பெண்களுக்கு வார இறுதியில் கணினி வகுப்பு எடுத்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கோப்பு ஒன்றை ஒரு ஃபோல்டரிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்துப் போட முயன்றுகொண்டிருந்தார். நொடிக்கு நூறு தையல் ஓடும் இயந்திரத்தின் அடியில் துணியைப் பிசகாமல் நகர்த்தும் விரல்கள், மவுஸ் பொத்தானை அழுத்தியபடியே நகர்த்த முடியாமல் பாதி வழியில் விட்டுவிட்டன. மூன்றாவது முறையும் கோப்பு பழைய இடத்துக்கே திரும்பியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. மவுஸை வாங்கி, ஒரே இழுப்பில் போட்டுக் காட்டி, "அவ்வளவுதாம்மா" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க பண்ணிட்டீங்க சார். நான் இன்னும் பண்ணலையே" என்றார்.

அன்றிலிருந்து வகுப்பில் நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளும் பழக்கம் வந்தது. கற்பவரின் மவுஸையோ விசைப்பலகையையோ நான் தொடுவதில்லை. தொடாமல் சொல்லிப் புரியவைக்க முயலும்போதுதான், 'டிராக் செய்யுங்கள்' என்ற என் ஒற்றைச் சொல்லுக்குள் அழுத்துவது, அழுத்தியபடி வைத்திருப்பது, நகர்த்துவது, சரியான இடத்தில் விடுவது என்று நான்கு வேலைகள் அடங்கியிருப்பது எனக்கே தெரிந்தது.

மற்றொரு சறுக்கல் எக்செல் வகுப்பில் நடந்தது. பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் விலுக்கப் சூத்திரத்தின் கடைசியில் 'ஃபால்ஸ்' என்று போட்டுவிட வேண்டும் என்று மந்திரம்போல் சொல்லிக்கொடுத்துவந்தேன். எனக்கும் அப்படித்தான் ஒருவர் சொல்லியிருந்தார். கணக்குப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒருவர், "போடாம விட்டா என்ன சார் ஆகும்?" என்று கேட்டார். "தப்பா வரும்" என்றேன். "எனக்கு இதுவரைக்கும் சரியாத்தானே வந்திருக்கு" என்றார். பதில் இல்லாமல் நின்றேன். 'ஃபால்ஸ்' போட்டால் எக்செல் அப்படியே பொருந்துவதை மட்டும் தேடும். அந்த இடத்தை விட்டுவிட்டால் அதை 'ட்ரூ' என்று எடுத்துக்கொண்டு தோராயப் பொருத்தம் தேடும். பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தேடும். அவருடைய பட்டியல் பணியாளர் எண் வரிசையில் இருந்ததால் விடை சரியாக வந்தது. வரிசை கலைந்த பட்டியலானால், பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் வேறொருவரின் சம்பளத்தை எடுத்துக் கொடுத்திருக்கக்கூடும். இதை நான் அன்றிரவு வீட்டில் படித்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் காலை முதல் வேலையாக வகுப்பில் சொன்னேன். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு அடுத்த நாள் விடையோடு வருபவரை வகுப்பு மதிக்கிறது; மழுப்புபவரை மதிய உணவுக்குள் கண்டுபிடித்துவிடுகிறது.

பயன்படுத்தத் தெரிந்தவருக்கும் பயிற்றுவிக்கத் தெரிந்தவருக்கும் உள்ள இடைவெளி இந்த 'போடாமல் விட்டால்' என்ற கேள்வியில்தான் இருக்கிறது. வேலை செய்பவருக்குச் சரியான வழி ஒன்று தெரிந்தால் போதும். பயிற்றுநருக்குத் தவறான வழிகளும், அவை ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

'புரிந்ததா?' என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். இந்த ஊரில் ஒரே வகுப்பில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசுவோர் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். "அர்த்த ஆயிதா?" என்று கேட்டாலும் "புரிஞ்சுதா?" என்று கேட்டாலும் தலைகள் ஒன்றுபோல ஆடும், மரியாதைக்காக ஆடும் தலைகள் அவை. அதற்குப் பதிலாக, இப்போது சொன்னதை வேறொரு பட்டியலில் செய்து காட்டும்படி கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அந்த ஐந்து நிமிட மௌனத்தைத் தாங்குவது புதிய பயிற்றுநருக்கு மிகக் கடினம். பேசிப் பேசி நிரப்பிவிடுவார். மொழி பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: பெங்களூரில் பயிற்றுநராக இருக்க நினைத்தால், தமிழும் ஆங்கிலமும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வகுப்பு நடத்தும் அளவுக்குக் கன்னடம் கற்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பிழையோடு பேசினாலும், பேசத் தொடங்கியபின் கேள்விகள் கூடின.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாகத் தொழில் செய்யும் பயிற்றுநருக்கு நாள் கணக்கில் ஊதியம். இடைத்தரகு நிறுவனம் வழியாக வந்தால் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வேலையை விடுவதற்கு முன் ஆறு மாதச் செலவைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருக்கும்போதே, உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பெடுக்கக் கேட்டு வாங்குங்கள். எம்சிடி போன்ற பட்டங்களுக்குக் கேட்கப்படும் கற்பித்தல் அனுபவத்தை அப்படித்தான் சேர்க்க முடியும்.

அந்த இளைஞரிடம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தபோது, போன பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. மறு ஞாயிறு என் லேப்புக்கு வகுப்பு தொடங்க ஒரு மணி நேரம் முன்பாக வரச்சொன்னேன், வந்தார். இருபது கணினிகளிலும் பயிற்சிக் கோப்பைத் திறந்து தேதி வரிசையை மட்டும் பார்க்கும்படி சொன்னேன். எக்செல் தேதியை வலது ஓரத்திலும் எழுத்தை இடது ஓரத்திலும் நிறுத்தும். ஏழு கணினிகளில் சில தேதிகள் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. விண்டோஸ் மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்ததால், 25/04 என்பதில் இருபத்தைந்தாவது மாதத்தைத் தேடிக் கிடைக்காமல், எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டிருந்தது. "அப்போ 05/04 சரியா இருக்கே அண்ணா, அது வலது பக்கம்தானே நிக்குது?" என்றார். ஏப்ரல் 5 ஆக வேண்டியது மே 4 ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டத்தின் மேல் சொடுக்கி, மாதத்தைப் பெயரோடு காட்டும் வடிவத்துக்கு மாற்றி, அவரே கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆனது. பிறகு மீதி ஆறு கணினிகளையும் அவரே சரிசெய்தார்.