முயலா, வாத்தா? நாலு வயதுப் பிள்ளைக்கு ஒன்றுதான் தெரியும்

முயலாகவும் வாத்தாகவும் தெரிகிற அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "இரண்டும் தெரிந்தால் உங்கள் குழந்தை அதிபுத்திசாலி" என்று ஒரு வரியும் கூடவே வரும். எல்கேஜி பிள்ளையிடம் அதைக் காட்டி, பிள்ளை 'வாத்து' என்றே சாதித்ததும் கவலைப்படுகிற பெற்றோர் பலர். அந்தக் கவலைக்கு இடமே இல்லை. 1892-இல் ஒரு ஜெர்மானிய நகைச்சுவை இதழில் வந்த படம் அது. புத்தியை அளக்க வரைந்ததல்ல.

மூன்று வயதுப் பிள்ளைக்கு வாத்து என்றால் வாத்துதான். ஒரே படம் இரண்டாகவும் இருக்கலாம் என்பது நான்கு வயதையொட்டித்தான் பிடிபடும். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று விளங்குவதும் அதே பருவத்தில்தான். ஆனால் புரிவது வேறு, கண்முன்னே படம் மாறுவது வேறு. முதலில் கண்ட உருவத்தை ஒதுக்கிவைத்து, மற்றதை மனதில் வரைந்து பார்க்க வேண்டும். அது ஐந்து வயதளவில் கைகூடும். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், யாரும் சொல்லாமல் தானாக மாற்றிப் பார்த்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே.

காட்டுவதானால் இப்படிக் காட்டுங்கள். அஞ்சலட்டை அளவில் அச்சிட்ட படம் போதும். கைப்பேசி வேண்டாம், பிள்ளை அதைத் திருப்பிவிடும். "இது என்ன?" என்று மட்டும் கேட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு தனி முயல், தனி வாத்துப் படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டி எடுத்துவிடுங்கள். "மாறினா சொல்லு" என்று சொல்லிக் காத்திருங்கள்.

பெரியவர்கள் தவறுவது இங்கேதான். "இப்ப என்ன? இப்ப என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று நினைத்துப் பிள்ளை பெயரை மாற்றிச் சொல்லிவிடும். உண்மையிலேயே தெரிகிறதா என்று அறிய, "முயலோட வாயைத் தொடு" என்று சொல்லிப் பாருங்கள். வாத்தின் அலகுதான் முயலுக்குக் காது. முயலின் வாய் எதிர்ப்பக்கம் இருக்கிறது. வெறும் பெயரை ஒப்பிக்கிற பிள்ளையின் விரல் அலகுக்கே போகும்.

எது முதலில் தெரிகிறது என்பதிலும் குணம், இடது மூளையா வலது மூளையா என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் சூரிக் மிருகக்காட்சிசாலை வாசலில் ஈஸ்டர் ஞாயிறன்று கேட்டபோது முயல் என்றவர்கள் அதிகம்; ஈஸ்டர் என்றாலே அங்கே முயல்தான் நினைவுக்கு வரும். அக்டோபரில் பறவை என்றவர்கள் அதிகம்.

சின்னப் பிள்ளைகளுக்கு, தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலின் ரிஷப குஞ்சரச் சிற்பம் இன்னும் நல்ல தொடக்கம். காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. காளை உடம்பைக் கையால் மறைத்தால் யானை, யானை உடம்பை மறைத்தால் காளை. பிள்ளையே தன் கையால் மறைத்துப் பார்க்கட்டும்.

கவனிக்க வேண்டியது வேறு. சாதாரணப் படத்தைக்கூட மூக்கருகே கொண்டுபோவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, இவை தென்பட்டால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராத சோம்பேறிக் கண் குறைபாடாக இருந்தால், ஏழு வயதுக்குள் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.