கோர்ட்டில் செம்மரத்தை எப்படி நிரூபிப்பது?

செம்மரக் கட்டைகளோடு லாரி பிடிபட்டது என்பது சித்தூர், திருப்பதி பக்கத்துப் பேப்பர்களில் வாடிக்கையான செய்தி. கட்டைகளை அடுக்கிவைத்து, பின்னால் அதிகாரிகள் நிற்கும் படமும் கூடவே வரும். வழக்கு அதோடு முடிவதில்லை. "இது செம்மரம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால், சிவப்பாக இருக்கிறது என்பது பதிலாகாது. ஆனைக்குன்றிமணி மரத்தின் வைரமும், அதாவது உள்ளே இறுகிய நடுக்கட்டையும், சிவப்புதான். ஆப்பிரிக்காவில் செம்மரத்தின் பங்காளி மரங்களே இருக்கின்றன.

தடயவியல் படிக்க வரும் பிள்ளைகள் துப்பாக்கி, ரத்தம், டிஎன்ஏ என்று எதிர்பார்த்து வருவார்கள். இந்தத் தமிழக-ஆந்திர எல்லைப் பக்கத்தில் கைலென்ஸும் ஒரு புது பிளேடும் கொடுத்துத் தொடங்கிவைக்கலாம் என்பேன்.

முதலில் எளிய சோதனைகள். செம்மர வைரத்தில் ஒரு சில்லை வெட்டித் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. அதன் தூள் தண்ணீருக்கு அவ்வளவாகச் சாயம் ஏற்றாது. அதையே ஸ்பிரிட்டில் போடுங்கள், ரத்தச் சிவப்பாக இறங்கும். சான்டலின் என்ற நிறமி ஆல்கஹாலில்தான் நன்றாகக் கரையும். அதே பேரினத்தைச் சேர்ந்த வேங்கை வேறு மாதிரி: அதை ஊறவைத்த தண்ணீரே நீலமாக ஒளிரும். ஆனால் ஆப்பிரிக்கப் பங்காளிகளிலும் சான்டலின் உண்டு. எனவே இவையெல்லாம் துப்புதான், சாட்சி அல்ல.

அப்புறம் மைக்ரோஸ்கோப். சின்னக் கட்டியாக அறுத்து, வேகவைத்து மென்மையாக்கி, மைக்ரோடோம் என்ற கருவியில் மூன்று திசைகளில் சீவுவார்கள். சீவலின் தடிமன் 15 முதல் 20 மைக்ரான். 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். குறுக்குச் சீவலில் நீர்க்குழாய்கள் தனியாகவும், இரண்டு மூன்றாகச் சேர்ந்தும் தெரியும். பக்கவாட்டுச் சீவலில் ஒரே செல் அகலமுள்ள கதிர்கள் (நடுவிலிருந்து பட்டைப் பக்கம் ஓடும் செல் வரிசைகள்), மாடி வீட்டுத் தளங்கள் போல, அடுக்கடுக்காக நிற்கும். இடையில் சின்னச் சின்னப் படிகங்கள். இதை டேராடூன், பெங்களூர் மர ஆய்வு நிறுவனங்களில் உள்ளதுபோன்ற அசல் மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள்.

நெருங்கிய இனங்களில் இதுவும் தடுமாறும். அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள வனவிலங்குத் தடயவியல் ஆய்வகம் மரச்சிராயைச் சூடான வாயுவில் காட்டி, கிளம்பும் மூலக்கூறுகளின் நிறையை அளந்து இனத்தைப் பிரிக்கிறது. டிஎன்ஏ? வைரம் செத்த செல்களால் ஆனது. அதில் டிஎன்ஏ சிதைந்திருக்கும், எடுப்பது பெரும்பாடு.

சரி, செம்மரம்தான் என்றாகிவிட்டது. எந்த மரத்தில் வெட்டியது? 1935-இல் அமெரிக்காவில் நடந்த லிண்ட்பெர்க் குழந்தைக் கடத்தல் வழக்கில், மர நிபுணர் ஆர்தர் கோலர், கடத்தலுக்குப் பயன்பட்ட ஏணியின் ஒரு சட்டம் குற்றவாளியின் வீட்டுப் பரண் பலகையிலிருந்து வந்தது என்று வளையங்களையும் ஆணித் துளைகளையும் வைத்துக் காட்டினார். செம்மரத்தில் வளையங்கள் அவ்வளவு தெளிவில்லை. அதனால் வைரத்தின் கோணல்மாணலான விளிம்பு, வெடிப்புகள், கோடரி வாயின் பொக்கைகள் விட்ட கோடுகள் ஆகியவற்றைக் கட்டையிலும், வெட்டியபின் காட்டில் எஞ்சிய அடிமரத்திலும் பொருத்திப் பார்க்கவேண்டும். மழையும் கறையானும் முந்திக்கொள்வதற்குள் யாராவது சேஷாசலம் மலைச் சரிவில் ஏறி, அந்த அடிமரத்தைத் தேடிப்பிடித்து ஒரு வில்லை அறுத்துவந்தால்தான் அது நடக்கும்.