ஹாஸ்டல்ல இருந்தா ஓட்டு எங்க? காலேஜ் பசங்களுக்கு வாக்காளர் பட்டியல் விளக்கம்

எங்க சித்தி பொண்ணு தென்காசி பக்கம், இப்ப கோயம்புத்தூர்ல ஃபர்ஸ்ட் இயர், ஹாஸ்டல். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன். "அண்ணா ஒரு டவுட்டு, எனக்கு ஓட்டு ஊர்ல இருக்குமா இல்ல இங்க இருக்குமா?" ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் நியூஸ் சேனல் ஓடுனாலே ரிமோட்டை பிடுங்குற புள்ள, இப்ப ரூம்மேட்ஸோட உக்காந்து தொகுதி மறுவரையறை, ஆளுநர் அதிகாரம்னு விடிய விடிய சண்டை போடுறாளாம். சந்தோஷம்தான். ஆனா நான் சொன்ன பதில் அவளுக்கு பிடிக்கல. "எங்கயும் இருக்காது. நீ இன்னும் அப்ளை பண்ணலையே."

18 வயசு ஆனா ஓட்டு தானா வந்துரும்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. உரிமை வந்துரும், பேர் வராது. அரசியல் சட்டத்தோட 326-வது பிரிவு 18 முடிஞ்சவங்களுக்கு ஓட்டு உண்டுங்குது (முன்னாடி இது 21, 61-வது திருத்தம் மூலமா 1989 மார்ச் 28-ல இருந்துதான் 18). ஆனா பூத்துல உக்காந்திருக்கிற அலுவலர் உங்க வயசை பாக்க மாட்டாரு, கையில இருக்கிற பட்டியலைத்தான் பாப்பாரு. அதுல பேர் இருந்தா ஓட்டு. இல்லன்னா நீங்க எவ்ளோ அரசியல் பேசினாலும் வெளியதான். வோட்டர் ஐடி கார்டு பர்ஸ்ல இருந்து பட்டியல்ல பேர் இல்லைன்னாலும் இதே கதைதான், கார்டு வெறும் அடையாள அட்டை, ஓட்டு இருக்கிறது பட்டியல்ல.

சரி எப்ப அப்ளை பண்றது. முன்னாடியெல்லாம் ஜனவரி 1 ஒண்ணுதான் தகுதி நாள், அன்னிக்கு 18 முடிஞ்சிருக்கணும், ஜனவரி 2 பிறந்தவன் பாடு திண்டாட்டம், கிட்டத்தட்ட ஒரு வருஷம் சும்மா உக்காரணும். 2021-ல சட்டத்தை திருத்தி, 2022 ஆகஸ்ட் 1-ல இருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1னு நாலு தகுதி நாள் வெச்சுட்டாங்க. 2008 ஜூன் 10-ல பிறந்திருந்தா 2026 ஜூன் 10-ல 18 முடியுது, ஜூலை 1 தகுதி நாள்ல நீங்க உள்ள. இன்னொண்ணு, 17 முடிஞ்சிருந்தாலே முன்கூட்டியே ஃபார்ம் குடுத்து வெக்கலாம், உங்களுக்கான தகுதி நாள் வர்றப்ப அதை எடுத்து பாப்பாங்க. பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கச்சி வீட்ல இருந்தா இதை சொல்லுங்க, ஸ்கூல்ல பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல.

இப்ப மெயின் மேட்டர், ஊரா ஹாஸ்டலா. சட்டம் சொல்றது நீங்க வழக்கமா குடியிருக்கிற இடத்துல தான் பேர் இருக்கணும்னு. ஊர்ல சொந்தமா வீடு இருக்குங்கிறது மட்டும் போதாது (சென்னையில இருபது வருஷமா குடும்பத்தோட இருந்துட்டு ஓட்டை மட்டும் கிராமத்துல வெச்சிருக்கிற மாமாக்கள் இதை படிச்சா கோவப்படுவாங்க, ஆனா 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்தோட 20-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது). அதே பிரிவு, தற்காலிகமா வெளியூர் போயிட்டா மட்டும் சொந்த ஊர்ல குடியிருக்கிறவர் இல்லைன்னு ஆகிடாதுன்னும் சொல்லுது. மாணவர்கள் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறாங்க. அதனால தேர்தல் ஆணையம் அவங்களுக்கு சாய்ஸ் குடுத்திருக்கு. அப்பா அம்மா இருக்கிற ஊர்லயும் போட்டுக்கலாம், படிக்கிற ஊர்ல ஹாஸ்டல் அட்ரஸ்லயும் போட்டுக்கலாம். ஏதாவது ஒண்ணு. ரெண்டும் கிடையாது.

ஹாஸ்டல்ல போடணும்னா படிக்கிற கோர்ஸ் அரசோ பல்கலைக்கழகமோ அங்கீகரிச்சதா இருக்கணும், குறைஞ்சது ஒரு வருஷ கோர்ஸா இருக்கணும், காலேஜ்ல இருந்து போனஃபைடு சர்டிஃபிகேட் வேணும். பிரின்சிபால், ரிஜிஸ்ட்ரார், டீன் மாதிரி யாராவது கையெழுத்து போட்டு, இவர் எங்க மாணவர், இந்த ஹாஸ்டல்ல இருக்காருன்னு சொல்றது. கேட்டா ஈஸி மாதிரி இருக்கும். எங்க தங்கச்சிக்கு அந்த ஒரு பேப்பர் வாங்க மூணு தடவை ஆபீஸ் கவுன்டர்ல நிக்க வேண்டியதாச்சு, முதல் தடவை "எதுக்கு"னு கேட்டாங்க, ரெண்டாவது தடவை சார் லீவு, மூணாவது தடவை குடுத்தாங்க, ஆனா ஹாஸ்டல் அட்ரஸ் போடாம வெறும் டிபார்ட்மென்ட் பேர் மட்டும் போட்டு. அது செல்லாதுன்னு திரும்ப எழுதி வாங்க வேண்டியதாச்சு. வாங்குன உடனே கவுன்டர் முன்னாடியே நின்னு படிச்சு பாருங்க, ஹாஸ்டல் பேர், தெரு, பின்கோடு இருக்கான்னு. நிறைய காலேஜ்ல வாக்காளர் எழுத்தறிவு மன்றம்னு ஒண்ணு இருக்கும், நோட்டீஸ் போர்டோட சரி, ஆனா அதுக்கு பொறுப்பா இருக்கிற புரொஃபசரை பிடிச்சா இந்த வேலை ஒரே நாள்ல முடியும்.

வெளிய ரூம் எடுத்து தங்குற பசங்களுக்கு வழக்கமான அட்ரஸ் புரூஃப் தான், பதிவு செஞ்ச வாடகை ஒப்பந்தம், பேங்க் பாஸ்புக், கேஸ் பில் இந்த மாதிரி. நாலு பசங்க சேர்ந்து எடுத்த மொட்டை மாடி ரூமுக்கு எவன் ஒப்பந்தம் பதிவு பண்ணி குடுப்பான். அப்படி எதுவுமே இல்லன்னாலும் ஃபார்ம் போடலாம், நேர்ல வந்து விசாரிச்சுட்டு சேர்ப்பாங்க, அப்ப நீங்க ரூம்ல இருக்கணும், ஹவுஸ் ஓனர் "அப்படி யாரும் இல்லையே"னு சொல்லாம இருக்கணும்.

எதை எடுக்கிறதுன்னு கேட்டா என் கருத்து இதுதான். ஓட்டு நாளைக்கு நீங்க நிஜமா எங்க இருப்பீங்கன்னு யோசிங்க. ராத்திரி பஸ் ஏறுனா காலையில ஊர்ல இறங்குற தூரம்னா ஊர்லயே வெச்சுக்கோங்க, நாலு வருஷம் கழிச்சு மாத்துற வேலை மிச்சம். டெல்லியிலயோ கரக்பூர்லயோ படிக்கிறீங்க, அந்த ஒரு நாளைக்காக ரெண்டு நாள் ரயில்ல வர மாட்டீங்கன்னா ஹாஸ்டல்தான் சரி. மாணவர்ங்கிறதுக்காக தபால் ஓட்டெல்லாம் கிடையாது, அது ராணுவத்துல இருக்கிறவங்க, தேர்தல் டூட்டி பாக்கிறவங்க, 85 வயசு தாண்டினவங்க, மாற்றுத்திறனாளிகள் மாதிரி சிலருக்குத்தான். அப்புறம் ஒண்ணை மறந்துடாதீங்க, ஓட்டு எங்கயோ அங்கதான் உள்ளாட்சி ஓட்டும். ஹாஸ்டல் அட்ரஸ்ல இருந்தா அந்த வார்டு கவுன்சிலரை நீங்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறீங்க. ஹாஸ்டல் ரோட்டுல லைட் எரியலன்னு புலம்புறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

புதுசா சேர ஃபார்ம் 6. தேர்தல் ஆணையத்தோட வோட்டர் போர்ட்டல்ல மொபைல் நம்பர் வெச்சு லாகின் பண்ணி போடலாம், இல்ல பேப்பர்ல நிரப்பி வாக்குச்சாவடி நிலை அலுவலர்கிட்ட குடுக்கலாம், எல்லாரும் பிஎல்ஓன்னுதான் சொல்றாங்க, பெரும்பாலும் அங்கன்வாடி அக்காவோ ஸ்கூல் டீச்சரோ தான் அந்த வேலையையும் சேர்த்து பாப்பாங்க. கட்டணம் எதுவும் கிடையாது, பிரவுசிங் சென்டர்ல குடுக்கிறது அவங்க கூலி. வயசுக்கு பிறப்பு சான்றிதழோ பத்தாவது மார்க் ஷீட்டோ ஆதாரோ போதும். ஃபார்ம்ல பேரை தமிழ்லயும் கேக்கும், அங்க போர்ட்டல் தானா டைப் பண்ணி காட்டுறதை அப்படியே விட்டுடாதீங்க. "கவிதா" "காவித"ன்னு வந்து நிக்கும், அப்புறம் அதை திருத்த தனி அப்ளிகேஷன். குடும்பத்துல ஏற்கனவே ஓட்டு இருக்கிறவங்களோட கார்டு நம்பர் கேக்கிற இடம் ஒண்ணு இருக்கு, ஊர் அட்ரஸ்ல போடுறவங்க அம்மா கார்டு நம்பரை போட்டா பட்டியலோட அதே பாகத்துல, அதே பூத்துல சேர்க்க அவங்களுக்கு சுலபம்.

கடைசியில ஒரு உறுதிமொழி இருக்கும், யாரும் படிக்காம டிக் பண்ற இடம். முதல் தடவையா சேர்றேன், வேற எந்த தொகுதி பட்டியல்லயும் என் பேர் இல்லைன்னு சொல்றது அது. ஊர்ல ஏற்கனவே பேர் இருக்கிறப்ப ஹாஸ்டல்ல இருந்து திரும்ப ஃபார்ம் 6 போட்டா இது பொய்யாயிடும், அதே 1950 சட்டத்தோட 31-வது பிரிவு படி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல அபராதம் இல்ல ரெண்டும். இடம் மாத்துறதுக்கு ஃபார்ம் 8 இருக்கு. பேர் திருத்தம், கார்டு தொலைஞ்சது எல்லாத்துக்கும் அதேதான்.

போட்ட பிறகு ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. அப்ளை பண்ணவங்க லிஸ்ட்டை ஆட்சேபம் இருந்தா சொல்றதுக்காக ஒரு வாரம் வெளிய வெப்பாங்க, பிஎல்ஓ விசாரிப்பாரு, அப்புறம்தான் வாக்காளர் பதிவு அலுவலர் முடிவு பண்ணுவாரு. அதனால தேர்தல் அறிவிச்ச பிறகு ஓடுறது ரிஸ்க். வேட்புமனு தாக்கல் கடைசி நாள் முடிஞ்சா பட்டியல் பூட்டியாச்சு, யார் சிபாரிசும் செல்லாது. நிராகரிச்சா பதினஞ்சு நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட மேல்முறையீடு, அங்கயும் ஆகலன்னா முப்பது நாளுக்குள்ள மாநில தலைமை தேர்தல் அதிகாரி. கலெக்டர்னதும் பயப்பட வேணாம், வெள்ளைத்தாள்ல காரணம் எழுதி குடுக்கிற விஷயம்தான். சந்தேகம்னா 1950க்கு போன் பண்ணலாம்.

சேர்ந்துட்டோம்னு அப்படியே விட்டுறவும் கூடாது. தமிழ்நாட்டுல 2025 நவம்பர்ல சிறப்பு தீவிர திருத்தம் நடந்தப்ப வீடு வீடா ஃபார்ம் குடுத்து வாங்குனாங்கல்ல, அந்த மாதிரி நேரத்துல ஆள் அந்த அட்ரஸ்ல இல்லன்னா இடம் மாறிட்டார்னு எடுத்துடுவாங்க. ஹாஸ்டல் பசங்களுக்கு ரெண்டு பக்கமும் இந்த ஆபத்து இருக்கு. ஊர்ல பேர் இருந்தா, விசாரிக்க வர்றவங்ககிட்ட "அவ கோயம்புத்தூர்ல இருக்கா"னு மட்டும் பாட்டி சொல்லிட்டா கதை முடிஞ்சுது, படிக்கத்தான் போயிருக்கா, ஓட்டு இங்கதான்னு சேர்த்து சொல்ல சொல்லி வைங்க. ஹாஸ்டல்னா, மே மாச லீவுல அவங்க வந்து பூட்டுன ரூமை பாத்துட்டு போயிடலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை போர்ட்டல்ல உங்க பேரை தேடி பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

ஓட்டு நாள்ல பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் குறிச்சு எடுத்துட்டு போங்க. வோட்டர் கார்டு கைக்கு வரலன்னாலும் ஆதார், லைசென்ஸ், பான், பாஸ்போர்ட் மாதிரி ஒண்ணு போதும். காலேஜ் ஐடி அந்த லிஸ்ட்ல இல்ல, அதை நம்பி வந்து திரும்பிப் போனவங்களை நானே பாத்திருக்கேன். கட்சிக்காரங்க குடுக்கிற பூத் ஸ்லிப்பும் அடையாளம் ஆகாது. மெஷின்ல பட்டனை அமுக்குனா பக்கத்துல இருக்கிற விவிபேட்ல (யாருக்கு போட்டீங்கன்னு சீட்டுல அச்சடிச்சு காட்டுற மெஷின்) ஏழு செகண்ட் சீட்டு தெரியும், அதை பாத்துட்டு வாங்க, வீடியோ எடுக்க போனை உள்ள கொண்டு போக முடியாது. முடியுற நேரத்துக்கு முன்னாடி கியூவுல நின்னுட்டா எவ்ளோ நேரம் ஆனாலும் விடுவாங்க. உங்க பேர்ல வேற யாரோ போட்டுட்டு போயிருந்தா சத்தம் போட்டுட்டு திரும்பிடாதீங்க, தலைமை அலுவலர்கிட்ட டெண்டர் ஓட்டு கேளுங்க, நீங்கதான் அந்த ஆள்னு அவருக்கு தெளிவானா தனியா வாக்குச்சீட்டு குடுப்பாங்க, அது உங்க உரிமை.

"என் ஒரு ஓட்டால என்னண்ணா"ன்னு தங்கச்சியும் கேட்டா. 2016-ல ராதாபுரத்துல வித்தியாசம் 49, 2021-ல தி.நகர்ல 137. அவ ஹாஸ்டல்ல ஒரு மாடியில இருக்கிற ஆளுங்க அதை விட ஜாஸ்தி. யாருக்கு போடுறதுன்னு நான் சொல்லல, ஆனா வேட்பாளர் ஒவ்வொருத்தரும் சொத்து, படிப்பு, மேல இருக்கிற வழக்கு எல்லாம் எழுதி ஃபார்ம் 26-னு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணணும், அதை ஆணையத்தோட தளத்துல யார் வேணா படிக்கலாம், மீம்ஸை விட அது சுவாரசியமா இருக்கும். யாரையும் பிடிக்கலன்னா 2013-ல உச்ச நீதிமன்றம் சொல்லி வந்த நோட்டா கடைசி பட்டன், ஆனா நோட்டா எவ்ளோ வாங்கினாலும் வேட்பாளர்கள்ல அதிக ஓட்டு வாங்குனவர்தான் ஜெயிப்பாரு. கவர் விஷயம், குடுக்கிறவன் மட்டும் இல்ல வாங்குறவனும் சட்டப்படி குற்றவாளி. காசு புழங்குனதுக்காக 2019-ல வேலூர் மக்களவை தேர்தலையே ரத்து பண்ணி ஆகஸ்ட்ல திரும்ப நடத்துனாங்க.

தங்கச்சி கடைசியில கோயம்புத்தூர் அட்ரஸ்லயே போட்டுட்டா, பிஎல்ஓ ஹாஸ்டல் கேட்டுக்கு வந்து வாட்ச்மேன் ரிஜிஸ்டர்ல இவ பேரை பாத்துட்டு போனாங்களாம், ஸ்டேட்டஸ்ல சரிபார்த்தாச்சுன்னு மாறியிருக்கு. கோர்ஸ் முடிச்சு மெஸ் டெபாசிட் திரும்ப வாங்குற அன்னிக்கே, அடுத்து எங்க குடியேறப் போறாளோ அந்த அட்ரஸுக்கு ஃபார்ம் 8 போட சொல்லியிருக்கேன்.